கைதும் தீர்ப்பும்: அமெரிக்கக் கௌண்டிப் பதிவேடுகள்

ஒருவன் குற்றஞ் செய்தானென்று ஊரார் பேசுதல் வேறு. போலீஸார் அவனைப் பிடித்தல் வேறு. நியாயஸ்தலத்தார் அவனைக் குற்றவாளியெனத் தீர்த்தல் வேறு. இம்மூன்றினையும் ஒன்றாகக் கருதி மயங்குதல் எந்நாட்டு மக்களிடத்தும் காணப்படுவதேயாயினும், அம்மயக்கத்தால் விளையுந் தீமை சிறிதன்று. ஒரு மனிதனுடைய பிழைப்பும் மானமும் அவன் குடும்பத்தின் நல்வாழ்வும் சிற்சில வேளைகளில் ஓர் ஏட்டிலுள்ள ஒரு வரியைச் சார்ந்து நிற்கின்றன. அவ்வரியை எழுதினார் யாவர், எவ்விடத்து எழுதினர், அதன்பின் எழுதப்பட்ட வரி யாது என்று ஆராய்ந்தறிவார் மிகச் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய பதிவுகள் எவ்வெவ்விடங்களில் உள்ளன, அவற்றைத் தேடிக் காணும் முறை யாது, கண்டபின் அவற்றைப் படித்தறியுமாறு எங்ஙனம் என்பனவற்றை இக்கட்டுரையிற் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

தமிழ்நாட்டிற் கல்வி பயிலும் மாணவர்க்கு இவ்விஷயம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். மேற்படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் அந்நாடு செல்லும் தமிழர் இக்காலத்துப் பலராவர். அங்கே வேலைக்கு ஆள் அமர்த்துவோரும் வீடு வாடகைக்கு விடுவோரும், ஒருவரை ஏற்பதற்கு முன்னர், அவர் முன்பு வாழ்ந்த கௌண்டிகளின் குற்றப் பதிவுகளைத் தேடுவித்தல் பெருவழக்கு. ஆதலின், அத்தேடுதலின் தன்மையை அறிந்திருத்தல் நம்மவர்க்கும் பயன்படுவதேயாம்.

முதற்கண் கௌண்டி என்பது இன்னதென அறிதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடு 50 ராஜ்யங்களாக அமைந்துள்ளது. அவை மீண்டும் கௌண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நம் ஜில்லாவைப் போன்றதொரு பிரிவே இஃதெனக் கொள்ளலாம். லூயிசியானாவில் இதனைப் பாரிஷ் என்றும், அலாஸ்காவில் பரோ என்றும் வழங்குவர். நாடு முழுவதும் இத்தகைய பிரிவுகள் 3,100-க்கு மேற்பட்டுள்ளன. ஆயினும், அவை அளவில் ஒரு தன்மையன அல்ல. டெலவேர் ராஜ்யத்தில் 3 கௌண்டிகளே உள்ளன. டெக்ஸஸ் ராஜ்யத்திலோ 254 உள்ளன. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி லாஸ் ஏஞ்சலீஸ் கௌண்டியில் ஒரு கோடி மக்கள் இருந்தனர். டெக்ஸஸிலுள்ள லவிங் கௌண்டியில் 64 பேரே இருந்தனர். கனெக்டிகட் ராஜ்யத்திற் கௌண்டி அரசாங்கங்கள் 1960-ஆம் ஆண்டில் எடுபட்டன. ரோட் ஐலண்டிலும் கௌண்டி அரசாங்கம் இல்லை. இத்தகைய ராஜ்யங்களில் ராஜ்யத்தின் கோர்ட்டுகளையே நேரே நாடுதல் வேண்டும்.

குற்றப் பதிவுகள் கௌண்டிதோறும் சிதறிக் கிடத்தற்குக் காரணம் யாதெனிற் கூறுவாம். அந்நாட்டிற் களவு, அடிதடி, கொலை முதலிய குற்றங்களுட் பெரும்பாலன ராஜ்யங்களின் சட்டத்திற்கு உட்பட்டவை. குற்றம் நிகழ்ந்த கௌண்டியின் கோர்ட்டிலேயே பெரும்பாலும் விசாரணை நடைபெறும். வழக்கின் ஏடுகளும் அங்கேயே தங்கும். ஒருவர் மூன்று கௌண்டிகளில் வாழ்ந்திருப்பாராயின் மூன்று இடங்களிலும் தேடுதல் வேண்டும். வாழ்ந்த இடத்தினும், குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடமே முக்கியமானது என்பதையும் மறத்தலாகாது. ஓரூரில் வாழ்பவர் பிறிதோரூரிற் பிடிபடின், அவர் பெயர் பின்னையதன் ஏட்டிலேயே காணப்படும்.

மத்திய அரசாங்கத்தின் சட்டத்தை மீறினோருடைய வழக்குகள் இவற்றின் வேறானவை. அவற்றை விசாரிக்க நாடெங்கும் 94 மத்திய ஜில்லா கோர்ட்டுகள் உள்ளன. அவற்றின் ஏடுகளைப் ‘பேசர்’ என்னும் இணையவழிப் பதிவகத்திற் பக்கத்திற்கு 10 சென்டு வீதம் கட்டணஞ் செலுத்திப் பார்க்கலாம். ஓர் ஆவணத்திற்குப் பொதுவாக 3 டாலருக்கு மேல் வாங்குவதில்லை. கௌண்டி ஏடுகளில் ஒருவர் பெயர் இல்லாமையால் மத்திய கோர்ட்டிலும் இல்லையென முடிவு செய்தல் பிழையாம்.

இனி, கௌண்டியினுள்ளும் பதிவுகள் ஓரிடத்தில் இருப்பனவல்ல. அவற்றை இருவகையாகப் பிரித்துக்கொள்ளுதல் நலம். முதலாவது கைதுப் பதிவு. இரண்டாவது கோர்ட்டுப் பதிவு.

கைதுப் பதிவை வைத்திருப்போர் போலீஸாரும் ஷெரிப்புமாவர். ஷெரிப் என்னும் பதவி இங்கிலாந்திலிருந்து வந்தது. சென்னை நகரிலும் முன்னாளில் அப்பெயருடைய பதவியொன்று இருந்தது. பிற்காலத்தில் அது மரியாதைப் பதவியாக நின்றது. அமெரிக்காவிலோ ஷெரிப்பானவர் பெரும்பாலான இடங்களில் மக்களால் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர். கௌண்டியின் காவலையும், பல இடங்களில் கௌண்டிச் சிறையையும் தம் பொறுப்பிற் கொண்டவர். ஒருவரைப் பிடித்துச் சிறைக்குக் கொணர்ந்தவுடன் அவருடைய பெயர், பிறந்த தேதி, பிடிபட்ட நாள், சாட்டப்பட்ட குற்றம், ஜாமீன் தொகை முதலியவற்றை எழுதி, விரல் ரேகையும் நிழற்படமும் எடுத்துக்கொள்வர். பல கௌண்டிகளில் அன்றன்று சிறையிலுள்ளோர் பட்டியலை ஷெரிப் இணையத்தில் வெளியிடுகின்றார். ஆயினும், ஒருவர் விடுதலையானபின் அவர் பெயர் அப்பட்டியலிலிருந்து நீங்குதலும் உண்டு. அக்காலத்து எழுத்துமூலம் விண்ணப்பஞ் செய்தல் வேண்டும். நகரப் போலீஸார் எழுதிய கைது அறிக்கையை வேண்டுவோர் அந்நகரப் போலீஸ் நிலையத்தையே அணுகுதல் தக்கது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் இன்றியமையாதது. கௌண்டிச் சிறையில் இருப்பவரெல்லாம் தண்டனை பெற்றவரல்லர். விசாரணைக்குக் காத்திருப்போரும், ஜாமீன் கட்ட வகையற்றோரும் அங்கே அடைக்கப்பட்டிருப்பர். பெருந்தண்டனை பெற்றோர் ராஜ்யத்தின் பெருஞ்சிறைகளுக்கு அனுப்பப்படுவர். ஆதலின் ஷெரிப்பின் பட்டியலிற் பெயர் உளதென்பது, அவரைப் பிடித்து வைத்தனர் என்பதற்குச் சான்றேயன்றி, அவர் குற்றஞ் செய்தார் என்பதற்குச் சான்றாகாது.

கோர்ட்டுப் பதிவை வைத்திருப்பவர் கோர்ட்டுக் கிளார்க்கு. நம் நாட்டிற் கிளார்க்கு என்றால் எழுத்தர் எனப் பொருள்படும். அங்கோ கோர்ட்டின் ஏடுகள் அனைத்தையும் காத்துப் படிகளுக்கு முத்திரையிட்டு வழங்கும் பொறுப்புள்ள அதிகாரி என்று பொருள். அவ்வதிகாரியின் பெயரும் ராஜ்யத்திற்கு ராஜ்யம் மாறுபடும். டெக்ஸஸ் ராஜ்யத்திற் ‘பெலனி’ எனப்படும் பெருங்குற்ற வழக்குகளை டிஸ்டிரிக்ட் கிளார்க்கும், ‘மிஸ்டிமீனர்’ எனப்படும் சிறுகுற்ற வழக்குகளுட் பலவற்றைக் கௌண்டிக் கிளார்க்கும் காக்கின்றனர். இல்லினாய்ஸ் ராஜ்யத்திற் சர்க்யூட் கோர்ட்டுக் கிளார்க்கை நாடல் வேண்டும். கலிபோர்னியாவின் 58 கௌண்டிகளிலும் சுப்பீரியர் கோர்ட்டு என்பது ஒவ்வொன்று உளது. தேடப்புகுமுன் அந்த ராஜ்யத்திற் கோர்ட்டுகள் அமைந்துள்ள முறையை அறிந்துகொள்ளாதவர், தவறான வாயிலில் நின்று காலங்கழிப்பர்.

தேடும் முறை வருமாறு: தேடப்படுவாரின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாழ்ந்த இடங்களையும் முதலிற் குறித்துக்கொள்க. பின்னர்க் கிளார்க்கின் அலுவலகத்திலோ அதன் இணையப் பக்கத்திலோ உள்ள பெயர் அட்டவணையைப் பார்க்க. அதிற் பெயர் கிடைப்பின் வழக்கு எண் கிடைக்கும். அவ்வெண்ணே திறவுகோல் போன்றது. அதனைக் கொண்டு ‘டாக்கெட்’ எனப்படும் நடவடிக்கைக் குறிப்பைக் காண்க. வழக்குத் தாக்கலான நாள்முதல் முடிவு நாள்வரை நிகழ்ந்தன யாவும் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் வழக்குக் கட்டையே வரவழைத்துப் பிராது, ஜூரியாரின் முடிவு, தீர்ப்பு முதலிய ஏடுகளைப் படிக்க. சான்றாகக் காட்ட வேண்டுமாயின், முத்திரையிட்ட படியைக் கட்டணஞ் செலுத்திப் பெறுக. கட்டணம் இடத்திற்கு இடம் வேறுபடும்.

பெயர் அட்டவணையைப் பற்றித் தமிழர் தனியே அறியவேண்டுவதொன்று உண்டு. அங்குள்ள அட்டவணைகள் குடும்பப் பெயரை முன்வைத்து அமைந்தவை. நமக்கோ குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தையே தலைப்பெழுத்தாகக் கொள்கின்றோம். சண்முகத்தின் மகன் முருகன் அந்நாட்டில் முருகன் சண்முகம் என்றும், சண்முகம் முருகன் என்றும் எழுதப்படுதல் கூடும். முன்னையதாயின் அவன் சண்முகம் என்னும் பெயரின்கீழும், பின்னையதாயின் முருகன் என்னும் பெயரின்கீழும் அட்டவணையில் இடம்பெறுவான். ரோமன் எழுத்தில் எழுதுங்கால் உண்டாகும் வேறுபாடுகளும் பல. ஆகவே, ஒருவகையாகத் தேடி ஓய்ந்துவிடாது, பெயரை முன்பின்னாக மாற்றியும் எழுத்துக்களை வேறுபடுத்தியும் தேடுதல் வேண்டும். அதனோடு, பெயர் ஒத்திருத்தல் ஒன்றையே கொண்டு ஆளும் அவரே எனத் துணிதலும் தகாது. பிறந்த தேதி, முகவரி முதலிய வேறு அடையாளங்களும் ஒத்த பின்னரே துணிதல் முறை.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்னும் எண்ணம் பிழையானது. விஸ்கான்ஸின் ராஜ்யத்தார் 1999-ஆம் ஆண்டுமுதல் தம் சர்க்யூட் கோர்ட்டுகளின் வழக்குக் குறிப்புகளை இணையவழிக் காட்டி வருகின்றனர். கலிபோர்னியாவிலோ குற்ற வழக்குகளின் ஏடுகளைப் பொதுவாகக் கோர்ட்டுக் கட்டடத்திற்குச் சென்றே பார்த்தல் வேண்டும். வீட்டிலிருந்து பார்க்க விதி இடந்தராது. மேலும், அந்த ராஜ்யத்து அப்பீல் கோர்ட்டு 2021-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பொன்றில், கோர்ட்டு இணையப் பக்கத்திற் பிறந்த தேதியையும் வாகன உரிம எண்ணையும் கொண்டு குற்ற வழக்குகளைத் தேட வசதி செய்தல் விதிக்கு முரணாகும் என்று கூறியது. இத்தீர்ப்பு மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதாயினும், ஒரே பெயருடையார் இருவரைப் பிரித்தறிதலை அரிதாக்கிற்று என்று முறையிடுவோரும் உளர்.

பொதுமக்கள் இவ்வேடுகளைப் பார்க்க உரிமையுடையரோ எனின், உடையர். கோர்ட்டு ஏடுகளைப் பார்வையிடவும் படியெடுக்கவும் மக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. குற்ற விசாரணை நடக்குங்கால் மன்றத்தில் இருந்து காணும் உரிமையை 1980-ஆம் ஆண்டில் நிலைநாட்டியது. மறைவில் நடக்கும் விசாரணையிற் கொடுமை புகுதல் எளிது என்பதே இதற்குக் காரணம். ஆயினும், அதே மன்றம் 1989-ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில், மத்திய குற்றப் புலனாய்வு நிலையத்தார் நாடெங்குமிருந்து தொகுத்து வைத்துள்ள ஒருவரின் குற்ற வரலாற்றைப் பிறர் கேட்டவுடன் கொடுக்கவேண்டுவதில்லை எனத் தீர்த்தது. கௌண்டிதோறும் சென்று முயன்று தேடிக் காணும் ஏடுகள் வேறு, அவற்றையெல்லாம் ஓரிடத்துத் தொகுத்து வைத்த கணிப்பொறிச் சுருக்கம் வேறு என்பது அத்தீர்ப்பின் கருத்து. தேடுதலிலுள்ள வருத்தமே மக்களின் மானத்திற்கு ஓரளவு வேலியாயிருந்தது என்பதை நீதிபதிகள் உணர்ந்தனர் போலும்.

இனி, கிடைத்த ஏட்டைப் படிக்கும் முறையைக் கூறுவாம். கைதின்போது சாட்டப்பட்ட குற்றம் ஒன்றாகவும், அரசாங்க வக்கீல் தாக்கல் செய்த குற்றம் மற்றொன்றாகவும், முடிவில் தீர்ப்பான குற்றம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். எதிரி சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொள்ள, பெரிய குற்றச்சாட்டை அரசாங்கத்தார் கைவிடும் உடன்பாடு அங்கே மிகுதி. ஆகவே முதல் வரியை மட்டும் படித்தல் போதாது. முடிவு என்னும் பகுதியையே நோக்குதல் வேண்டும். தள்ளுபடி என்றோ, வழக்கு நடத்தப்படவில்லை என்றோ, விடுதலை என்றோ அங்கே எழுதியிருப்பின், அம்மனிதன் அவ்வழக்கிற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டானல்லன். முடிவே எழுதப்படாதிருப்பின், வழக்கு நிலுவையிலுள்ளதோ, முடிவைக் குறிக்க மறந்தனரோ என்று கிளார்க்கைக் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கை வீணன்று என்பதற்கு ஒரு வழக்கைக் காட்டுவாம். கென்டக்கி ராஜ்யத்து ஜெபர்ஸன் கௌண்டியில் லூயிவில் என்னும் நகரம் உளது. 1972-ஆம் ஆண்டின் இறுதியில், கடைகளிற் களவு செய்வோர் எனச் சிலருடைய பெயர்களையும் படங்களையும் அச்சிட்டுப் போலீஸார் வணிகர்க்கு வழங்கினர். அவருள் ஒருவர் பத்திரிகையொன்றிற் படம் எடுக்கும் பணியில் இருந்தவர். களவுக் குற்றஞ் சாட்டி அவரை முன்னர்ப் பிடித்ததுண்டு. ஆனால் அவ்வழக்கிற் குற்றவாளியென்னுந் தீர்ப்பு ஏற்படவில்லை. தாள் வெளிவந்து சிறிது காலத்திற்குள் வழக்கே தள்ளுபடியாயிற்று. எனினும், அதற்குள் அத்தாள் அவருடைய மேலதிகாரியின் பார்வைக்கு எட்டிவிட்டது. அவர் போலீஸ் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றமோ 1976-ஆம் ஆண்டில், நற்பெயருக்கு நேர்ந்த கேடு ஒன்றையே கொண்டு அரசியல் சட்டத்தின்கீழ்ப் பரிகாரம் பெற இயலாது எனத் தீர்த்தது. மாறுபட்ட கருத்துடைய நீதிபதிகளும் அம்மன்றத்தில் இருந்தனர். கைது என்னும் முதல் வரியை மட்டும் ஊரறியச் செய்து, தள்ளுபடி என்னும் கடைசி வரியை அறிவியாது விடுதல் எத்துணைக் கேடு பயக்கும் என்பது இதனால் நன்கு விளங்கும்.

இத்தகைய கேட்டினை ஒருசிறிது தடுக்கும் சட்டங்களும் உள. 1970-ஆம் ஆண்டில் நிறைவேறிய ‘பேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங்’ சட்டம், பிறர் பொருட்டுப் பதிவுகளைத் தேடிக் கொடுக்கும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகின்றது. தீர்ப்பில் முடியாத கைதை 7 ஆண்டுகள் கடந்தபின் அவர்கள் தம் அறிக்கையிற் சேர்த்தலாகாது. ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரும் அதற்கு மேற்பட்டதுமான வேலைகளுக்கு இவ்விதி பொருந்தாது. வேலைக்கு அமர்த்துவோர் விண்ணப்பதாரரின் எழுத்துமூலமான சம்மதம் பெற்றே அறிக்கையை வாங்குதல் வேண்டும்; அதனைக் கொண்டு வேலையை மறுப்பதாயின், மறுக்குமுன் அதன் படியை அவருக்குக் கொடுத்தல் வேண்டும். அறிக்கையிற் பிழையிருப்பின் அவர் ஆட்சேபஞ் செய்யலாம். கம்பெனியார் பொதுவாக 30 நாட்களுக்குள் மீண்டும் விசாரிக்கக் கடமைப்பட்டவர். அத்தருணத்திற் கிளார்க்கின் முத்திரையிட்ட படியே சிறந்த துணையாகும். பெயரொற்றுமையால் பிறர் குற்றம் தம்மீது ஏற்றப்படக் கண்ட நம்மவர் யாராயினும், வாய்மொழியால் வாதாடுதலினும் அப்படியைப் பெற்று அனுப்புதலே தக்கது.

சில பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வாரா. சிறுவர் கோர்ட்டுகளின் ஏடுகள் பெரும்பாலும் மறைத்து வைக்கப்படுவன. உலகிற் புகழ்பெற்ற முதற் சிறுவர் கோர்ட்டு 1899-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் ராஜ்யத்துக் குக் கௌண்டியிலேயே தோன்றிற்று. பெரியோருடைய சில வழக்குகளையும் உரிய காலங் கழிந்தபின் மூடிவைக்கக் கோர்ட்டுக்கு மனுச் செய்துகொள்ளப் பல ராஜ்யங்கள் இடந்தருகின்றன. மனுவின்றித் தாமே மூடப்படும் முறையைப் பென்ஸில்வேனியா 2018-ஆம் ஆண்டில் முதன்முதற் சட்டமாக்கியது. எனினும், கோர்ட்டு ஏடு மூடப்பட்ட பின்னரும், அதற்குமுன் படியெடுத்து வைத்துக்கொண்ட தனியார் தொகுப்புகளில் அப்பெயர் நீங்காது நிற்றல் உண்டு. ஆகவே தொகுப்பிற் கண்டதைக் கோர்ட்டின் மூல ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பழங்காலத்துப் பதிவுகளைத் தேடுவோர்க்கு வேறோரிடர் உண்டு. 1871-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்தில் உண்டான பெருந்தீயிற் குக் கௌண்டியின் கோர்ட்டுக் கட்டடமும் ஏடுகளும் அழிந்தன. 1884-ஆம் ஆண்டில் ஒஹாயோ ராஜ்யத்து ஹாமில்டன் கௌண்டியில், கொலை வழக்கொன்றில் ஜூரியார் தண்டனை குறைந்த குற்றமெனத் தீர்த்ததற்குச் சினந்த மக்கள் கலகம் விளைத்துச் சின்சினாட்டிக் கோர்ட்டைக் கொளுத்தினர். ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு தீர்ப்பின்மேற் கொண்ட கோபம் பல தலைமுறைகளின் பதிவுகளைச் சாம்பராக்கிற்று. தீயிற்குத் தப்பிய பழைய ஏடுகளைப் பெரும்பாலும் அந்தந்த ராஜ்யத்தின் ஆவணச் சாலைகளிற் காணலாம்.

அங்ஙனம் தப்பிய ஏடுகளால் விளைந்த நன்மையொன்றைக் கூறி இதனை முடிப்பாம். மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்து எஸ்ஸெக்ஸ் கௌண்டியிற் சேலம் என்னும் ஊரில் 1692-ஆம் ஆண்டில் சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் பலர். அவருள் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். எலிஸபெத் ஜான்ஸன் என்னும் இளம்பெண்ணும் குற்றஞ்சாட்டப்பட்டு 1693-ஆம் ஆண்டில் மரண தண்டனை பெற்றாள். கவர்னர் அத்தண்டனையை நிறுத்தியதால் உயிர் தப்பினாள். பிற்காலத்துப் பலருடைய பழியை நீக்கிய சட்டங்கள் எழுந்தும், அவள் பெயர் அவற்றில் இடம்பெறாது விடுபட்டது. அக்கௌண்டியைச் சேர்ந்த வட ஆண்டோவர் ஊரின் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பயின்ற மாணவர், தம் ஆசிரியையின் துணையோடு இவ்வரலாற்றை ஆராய்ந்து, அவள் பெயர் விடுபட்டதை அறிந்து, சட்டசபையாரை வேண்டிக்கொண்டனர். 2022-ஆம் ஆண்டில் சட்டத்தினால் அவள் பழி நீங்கியது. தீர்ப்பு எழுதப்பட்டு 329 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவளுக்காகப் பேசுவதற்கு நேர்வழியில் வந்த மக்கள் இல்லை. அவள் வழக்கின் ஏடும், அதனைப் பொறுமையோடு இறுதிவரை படித்த சிறுவர்களுமே இருந்தனர். பிறர்மீது எழுதப்பட்ட ஒரு வரியைக் காண நேரும்போதெல்லாம், அதன் பின்னுள்ள வரிகளையும் தேடிப் படித்த பின்னரே பேசுதல் என்னும் வழக்கத்தை நம் மாணவரும் கைக்கொள்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.